மாட்டுத்தீவனமும் கணக்குப் புத்தகமும்



இம்மாதப் பேச்சின் பொருள் மாட்டுத்தீவனம் என்று அறிவித்ததும், நிலையத்தில் இருந்த நண்பர் ஒருவர் "கணக்கெழுதுகிற உமக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார். சம்பந்தம் நிறையவே உண்டு. நாம் வாழும் இந்த யூலன்ட் பகுதி பணம் பார்க்கத் தொடங்கியது மாடு என்ன தின்கிறது என்று எழுதி வைக்கத் தொடங்கிய பிறகுதான். அந்த எழுத்து வேலை தொடங்கிய ஊரும் தொலைவில் இல்லை. கோல்டிங்கில் இருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் வரும் வையன்தான் அது.

எஸ்பியர் பக்கம் ரயிலில் போகிறவர்கள் யன்னலால் வெளியே பார்த்திருப்பீர்கள். வசந்த காலத்தில் பச்சைப் புல், கோடையில் பார்லி, புரட்டாதி பிறந்ததும் ஆளுயரச் சோளம். இவை எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருவதாக நினைத்தால் அது தவறு. டென்மார்க்கின் விளைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் விளைவது கால்நடைகளுக்கான தீனி. அந்தச் சோளத்தை நம் பிள்ளைகள் பிடுங்கி வந்து அவித்துப் பார்த்த கதைகள் உண்டு. அது மாட்டுக்கென்று விதைத்த சோளம், என்னதான் அவித்தாலும் பல்லுக்கு வசப்படாது.

இந்த நாடு எப்போதும் இப்படி இருக்கவில்லை. பழைய நாளில், அதாவது 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில், யூலன்டின் எருதுகள் ஆயிரக்கணக்கில் தெற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டன. கோல்டிங் சுங்கச் சாவடியில் அவற்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி அறவிட்டார்கள். ஹம்பேர்க் பக்கத்துச் சந்தைகளுக்கும் அதற்கு அப்பாலும் அவை போயின. அன்றைய போக்குவரத்தை எண்ணிப் பார்த்தால் இதில் உள்ள பொருளாதாரம் விளங்கும். புல்லை வண்டியில் ஏற்றி நூறு மைல் கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கே காணாது. அதே புல்லை எருதின் வயிற்றில் ஏற்றிவிட்டால் அது தன் காலாலேயே சந்தைக்கு நடந்து போகும்.

ஆனால் அந்தக் காலத்தில் தீவனம் என்று யாரும் விதைக்கவில்லை. மேய்ச்சல் நிலம் தந்ததை மாடு தின்றது. பனிக்காலத்தில் வைக்கோலும் கொஞ்சம் காய்ந்த புல்லும் கிடைக்கும். வசந்தம் வருவதற்குள் பசுக்கள் எலும்பும் தோலுமாகி எழும்ப மாட்டாமல் கிடக்குமாம். வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது என்று பழைய டெனிஸ் குறிப்புகள் சொல்கின்றன. பனிக்காலத்தில் பால் என்ற பேச்சுக்கே இடமில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குள்ள விவசாயி தானியம் விற்றுத்தான் வாழ்ந்தான். பிரித்தானியா 1846இல் தன் தானியச் சட்டங்களை நீக்கியபின் அந்தச் சந்தை திறந்து கிடந்தது. ஒரு தலைமுறைக் காலம் நல்ல விலை. பிறகு 1870களில் நிலைமை தலைகீழானது. அமெரிக்கச் சமவெளிகளில் ரயில் பாதை போட்டார்கள், நீராவிக் கப்பல்கள் வந்தன, ரஷ்யாவில் இருந்தும் தானியம் குவிந்தது. 1890களின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பாவில் கோதுமை விலை ஏறத்தாழ அரைவாசியாக விழுந்தது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஜேர்மனி 1879இல் இறக்குமதித் தானியத்துக்குத் தீர்வை போட்டது. கோதுமைக்கும் றை தானியத்துக்கும் நூறு கிலோவுக்கு ஒரு மார்க் என்று தொடங்கி, 1885இல் மூன்று, 1887இல் ஐந்து மார்க் ஆக்கியது. பிரான்சும் அதே வழியில் போனது. டென்மார்க் மட்டும் கதவைத் திறந்தே விட்டது. 'உன் தானியம் மலிவா? கொண்டு வா, என் மாட்டுக்குப் போடுகிறேன்' என்ற நிலைப்பாடு அது. 1880களில் தானியம் விற்ற நாடு தானியம் வாங்கும் நாடாக மாறியது. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இது தோல்வி போலத் தெரிந்திருக்கும். வரவு செலவு தெரிந்தவனுக்கு அப்படித் தெரியாது. விற்கும் பொருளின் விலை விழுந்தால் நட்டம், வாங்கும் மூலப்பொருளின் விலை விழுந்தால் இலாபம். டெனிஸ் விவசாயி செய்தது இவ்வளவுதான்: தானியத்தைத் தன் ஏட்டில் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு மாற்றி எழுதினான்.

கோல்டிங் மக்களுக்கு இதில் ஒரு விசேடம் உண்டு. 1864 போரில் டென்மார்க் தோற்றபின் ஜேர்மன் எல்லை எங்கள் ஊரின் தெற்குப் புறத்துக்கே வந்துவிட்டது. கொங்கஓ ஆறு எல்லைக் கோடாகியது. இன்று கோல்டிங் கொம்யூனில் ஒரு சின்ன ஊராக இருக்கும் வம்ட்ரூப் 1920 வரை எல்லைப் புகையிரத நிலையமாக இருந்தது. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மண், ஒரே மழை, பெரும்பாலும் ஒரே பேச்சு. ஆனால் வடகரையில் தானியத்துக்கு உலக விலை, தென்கரையில் தீர்வை சேர்ந்த விலை. ஒரே மாட்டுக்கு ஒரே தீனியை வாங்குவதென்றாலும் எந்தக் கரையில் தொழுவம் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்ன?

மலிவுத் தானியம் மட்டும் போதாது. மாட்டுக்குப் பனிக்காலத்தில் ஈரமும் இனிப்பும் உள்ள தீனி வேண்டும். அங்கேதான் கிழங்கு வருகிறது. டெனிஸ் மொழியில் "ரோ" என்பார்கள், மாட்டு பீற் என்று வைத்துக்கொள்வோம். அது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஆனால் ஒரு ஹெக்டேயரில் விளையும் தொகை அவ்வளவு பெரிது என்பதால், நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதே நிலத்தில் பார்லி தரும் மணியைவிடக் கூடுதலான தீனி கிடைக்கும். முன்பு தரிசாக விட்ட வயலில் கிழங்கு போடலாம். வரிசைக்கு வரிசை களை கொத்துவதால் நிலமும் சுத்தமாகும். குளோவர் என்ற பயற்றினப் புல் காற்றில் உள்ள நைதரசனை மண்ணில் சேர்த்துத் தரும். இவற்றோடு இறக்குமதிப் பிண்ணாக்கு. பருத்தி விதை, சூரியகாந்தி என்று பல வகைப் பிண்ணாக்கு கப்பல் கப்பலாக வந்தது.

இதன் பலன் என்னவென்றால், பசுவை வசந்தத்துக்குப் பதிலாக இலையுதிர் காலத்தில் கன்று ஈன வைத்து, பனிக்காலம் முழுக்கப் பால் கறக்க முடிந்தது. பனிக்காலத்தில் லண்டனில் பட்டர் விலை கூட. எஸ்பியர் துறைமுகம் கட்ட 1868இல் சட்டம் இயற்றினார்கள். 1874இல் எங்கள் பக்கத்து லுண்டர்ஸ்கோவில் இருந்து எஸ்பியருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. கிழங்கு பட்டராகி, பட்டர் பவுணாகும் பாதை அதுதான்.

1882இல் மேற்கு யூலன்டின் யெடிங் என்ற குக்கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. இந்தக் கதை பலருக்குத் தெரியும் என்பதால் நீட்டவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று. பட்டர் எடுத்த பிறகு மிஞ்சும் ஆடை நீக்கிய பால் விவசாயிக்கே திரும்பி வந்தது. அதைப் பார்லியோடு கலந்து பன்றிக்கு வைத்தார்கள். 1887இல் ஜேர்மனி நோயைக் காரணம் காட்டி உயிர்ப்பன்றி இறக்குமதியைத் தடை செய்தபோது, அதே ஆண்டு ஹோர்சன்ஸில் முதல் கூட்டுறவு இறைச்சி ஆலை எழுந்தது. உயிராக விற்க முடியாவிட்டால் பேக்கனாக்கி இங்கிலாந்துக்கு அனுப்புவது என்று துணிந்தார்கள். எங்களில் பலர் 1980களின் நடுப்பகுதியில் அகதியாக வந்து, மொழி தெரியாமல், வெள்ளை மேலங்கியும் சப்பாத்தும் போட்டுக் குளிர் அறைகளில் இறைச்சி வெட்டிய அந்த ஆலைகளின் பரம்பரை அங்கே தொடங்குகிறது.

இனி என் மனதுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும், கணக்கு கொஞ்சம் வரும்.

தீவனச் செலவை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிண்ணாக்கு காசு கொடுத்து வாங்கியது, அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. வீட்டுத் தோட்டத்துக் கிழங்குக்குப் பற்றுச்சீட்டு ஏது? வைக்கோலுக்கு? மேய்ந்த புல்லுக்கு? இவை எல்லாம் வேறு வேறு பொருள்கள், ஒன்றோடு ஒன்றைக் கூட்ட முடியாது. டெனிஸ்காரரும் அயலில் சுவீடன்காரரும் இதற்கு ஒரு பொது அளவை உண்டாக்கினார்கள். ஒரு கிலோ பார்லியின் போசணைப் பெறுமதி ஒரு தீவன அலகு. அதற்கு ஈடாகச் சுமார் இரண்டரைக் கிலோ காய்ந்த புல், நான்கு கிலோ வைக்கோல், பத்துக் கிலோ கிழங்கு. இப்போது எல்லாவற்றையும் கூட்டலாம். நாணயம் போல ஒரு பொது அலகு வந்துவிட்டது. இதற்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் நீல்ஸ் யொஹானஸ் பியோர்ட். பல பண்ணைகளில் மாடுகளையும் பன்றிகளையும் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு தீனி வைத்து, பல ஆண்டுகள் நிறுத்து அளந்து பார்த்தவர் அவர்.

அளவை வந்தாயிற்று, கணக்கை யார் எழுதுவது? 1895இல் வையனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சுமார் ஒரு டசின் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். கட்டுப்பாட்டுச் சங்கம் என்று பெயர். உலகில் இவ்வகையில் முதலாவது இதுதான். அருகே லாடலுண்டில் இருந்த விவசாயப் பாடசாலையின் செல்வாக்கு இதில் உண்டு. சங்கம் ஒரு உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்தது. அவர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பண்ணைக்கும் வந்து தங்குவார். மாலையிலும் காலையிலும் ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியே நிறுப்பார், கொழுப்பு எவ்வளவு என்று சோதிப்பார், அந்தப் பசு தின்ற தீனியையும் நிறுத்துக் குறிப்பார். பிறகு அடுத்த பண்ணைக்குப் போவார். ஊர் ஊராகப் போகும் கணக்காய்வாளர் என்றே அவரைச் சொல்லலாம். எங்கள் தொழிலில் இத்தனை அதிகாலையில் யாரும் எழும்புவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆண்டு முடிவில் ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு வரி. இத்தனை தீவன அலகு தின்றாள், இத்தனை இறாத்தல் பட்டர் தந்தாள். நிறையப் பால் கறக்கும் பசுதான் நல்ல பசு என்று நம்பியவர்களுக்கு அந்த வரிகள் அதிர்ச்சி தந்திருக்கும். கொட்டிக் கொட்டித் தின்று தண்ணீர்ப் பால் தரும் பசு எது, அளவாகத் தின்று கொழுப்புள்ள பால் தரும் பசு எது என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாவது இறைச்சிக்குப் போனது, இரண்டாவதின் கன்று வளர்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாடெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான சங்கங்கள் தோன்றின. 1905இல் ஹெல்மர் ராபில்ட் என்ற டெனிஸ்காரர் இதே முறையை அமெரிக்காவின் மிச்சிக்கனுக்குக் கொண்டுபோனார். ஆண்டுக்கு ஆயிரம் கிலோ அளவில் பால் தந்த டெனிஸ் பசு முதலாம் உலகப்போர் தொடங்கும்போது அதைப்போல இரண்டரை மடங்கு தந்தது. இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. தீனியில் ஒரு பெரும்பங்கு கடலால் வருகிறது. கடல் மூடினால்? 1917இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கண்ட கப்பலை எல்லாம் தாக்கத் தொடங்கியபோது பிண்ணாக்கும் சோளமும் நின்றுபோயின. இருக்கிற பார்லியையும் றையையும் பன்றிக்குக் கொடுப்பதா, மனிதனுக்குக் கொடுப்பதா? மிக்கெல் ஹின்ட்ஹேட என்ற மருத்துவர் அரசுக்கு ஆலோசனை சொன்னார். மனிதன் தானியத்தையும் உருளைக்கிழங்கையும் நேரே தின்னட்டும், பன்றியின் வயிற்றுக்குள்ளால் சுற்றி வர வேண்டாம் என்பது அவர் கட்சி. 1914இல் 25 இலட்சம் அளவில் இருந்த பன்றிகள் 1918இல் சுமார் 6 இலட்சம் ஆகின. தவிடு நீக்காத மாவில் ரொட்டி சுட்டார்கள். அந்தப் பங்கீட்டு ஆண்டில் இறப்பு வீதம் முன்னெப்போதும் இல்லாத அளவு குறைந்தது என்று ஹின்ட்ஹேட பின்னர் எழுதினார். முழுப் புகழையும் ரொட்டிக்கே கொடுப்பது சரியா என்பது என் சந்தேகம். அதே 1917இல் சாராயத்துக்கு ஏற்றிய வரியால் ஒரு குரோனுக்குள் விற்ற போத்தல் பத்துக் குரோனுக்கு மேல் போனது, குடி குறைந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்து எழுத இன்றைக்கு ஆதாரச் சீட்டு இல்லை. இருந்தாலும் பக்கத்து ஜேர்மனி பசியில் வாடிய நேரத்தில் டென்மார்க் பட்டினி கிடக்கவில்லை என்பது உண்மை.

போர் முடிந்ததும் பன்றிகள் திரும்பி வந்தன, பிண்ணாக்கும் வந்தது. கிழங்குதான் மெல்ல மெல்லப் போனது. நாற்றைக் கலைப்பது, களை கொத்துவது, பிடுங்குவது, இலை வெட்டுவது எல்லாம் முதுகு முறியும் கைவேலை. 1960களில் ஆட்கூலி ஏறியபோது கிழங்கின் சிறப்பு எல்லாம் கூலிக் கணக்கில் கரைந்தது. புல்லை வெட்டிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. 1990களுக்குப் பிறகு குளிர் தாங்கும் சோள வகைகள் வந்து ஒன்றரை இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் பரவின. 1917இன் ஓட்டை மட்டும் அடைபடவில்லை. இன்றும் ஆண்டுக்கு 15 இலட்சம் தொன்னுக்கு மேல் சோயா தென்னமெரிக்காவில் இருந்து பெரும்பாலும் வருகிறது. டென்மார்க்கின் பன்றி இங்கே படுத்திருந்தாலும் அது தின்னும் நிலத்தில் ஒரு பகுதி ஆர்ஜென்ரீனாவிலும் பிறேசிலிலும் இருக்கிறது.

இதை எல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே இயங்கும் ஊர்ச் சங்கம் ஒன்றில், போரால் நலிந்த குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுக்கும் திட்டம் ஒன்று பேசப்படுகிறது. நல்ல நோக்கம். திட்டக் கடதாசியை எனக்கும் காட்டினார்கள். மாட்டின் விலை, கொட்டில் செலவு, மிருக வைத்தியர் எல்லாம் இருந்தது. தீனிக்கு ஒரு வரியும் இல்லை. "புல் கிடக்குத்தானே" என்றார்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் மாட்டுக்கென்று நிலம் ஒதுக்கியவர் குறைவு. வேலிக் கதியாலில் பூவரசங்குழை, கிளிசரியா, இப்பில் இப்பில், வயலில் வைக்கோல், செக்கில் எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு. தீனி வேறு ஏதோ ஒன்றின் துணைவிளைவாகத்தான் வந்தது. மாட்டையும் பாலுக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. புகையிலைத் தோட்டத்தில் பட்டி அடைத்து எருவுக்காகவும் வைத்திருந்தார்கள். கிணற்று நீர் இறைத்துச் செய்யும் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தரும் வருமானத்தை விட்டுவிட்டுப் புல் வளர்க்க யாருக்குப் பைத்தியம்? பொருளியலில் இதைத்தான் அமையச் செலவு என்கிறோம். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மிளகாய், வெங்காயத்துக்கு நல்ல விலை. அன்று ஒரு பரப்புப் புல்லின் உண்மையான விலை ஒரு பரப்பு மிளகாய். 1977க்குப் பின் சந்தை திறந்தபோது அந்த விலை விழுந்தது. டெனிஸ்காரனுக்கு விலை விழுந்தபோது தானியத்தை மாட்டுக்குத் திருப்பிவிட வழி இருந்தது, கூட்டுறவும் துறைமுகமும் இருந்தன. எங்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் போர் வந்தது.

இன்று வேலிகள் பல மதில்களாகிவிட்டன. அதாவது இலவசத் தீனியின் ஒரு பகுதி போய்விட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உண்டாக்கிய கோ-3 என்ற ஒட்டுப்புல் இலங்கையிலும் பரவியிருக்கிறது. வெட்ட வெட்டத் தழைக்கும் புல், உண்மை. ஆனால் அதற்குத் தண்ணீரும் பசளையும் வேண்டும். குடாநாட்டில் தண்ணீர் என்பது கிணறு, கிணறு என்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழை. 2021, 2022இல் டொலர் இல்லாமல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்டில் பசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாடு கொடுப்பதற்கு முன், அந்தக் குடும்பத்திடம் எத்தனை பரப்பு நிலம், எந்தக் கிணறு, எத்தனை கதியால், பிண்ணாக்குக்கு மாதம் எத்தனை ரூபா என்று நான்கு வரி எழுதிப் பார்க்கச் சொன்னேன். மாட்டின் விலையைவிட முதல் இரண்டு ஆண்டுத் தீனிச் செலவு கூட வந்தால், அந்த மாடு மூன்றாம் ஆண்டு விற்கப்படும். அதில் அந்தத் தாயின் தவறு ஒன்றும் இருக்காது. சங்கத்தார் இப்போது ஊரில் உள்ளவர்களிடம் விபரம் கேட்டிருக்கிறார்கள். மாடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, மிச்சப் பணத்தைப் புல்லுக்கும் தொட்டிக்கும் ஒதுக்கலாமா என்ற பேச்சும் நடக்கிறது.

டென்மார்க்கிலும் தீவனக் கணக்கில் புதிய நிரல் ஒன்று சேரப் போகிறது. 2024இல் அரசும் விவசாயிகள் அமைப்பும் இயற்கை பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து செய்த உடன்பாட்டின்படி, கால்நடைகள் வெளியிடும் வாயுவுக்கு 2030இல் இருந்து வரி. தொன்னுக்கு 300 குரோனர் என்று தொடங்கி 2035இல் 750 குரோனர். அறுபது வீதக் கழிவு இருப்பதால் விவசாயி உண்மையில் கட்டுவது 120, பின்னர் 300. இரண்டரை இலட்சம் ஹெக்டேயரில் காடு வளர்க்கவும் திட்டம். குளோவர் புல்லில் இருந்து புரதத்தைப் பிழிந்து சோயாவுக்குப் பதிலாகப் பன்றிக்கும் கோழிக்கும் கொடுக்கும் ஆலைகளும் யூலன்டில் முயன்று பார்க்கப்படுகின்றன. அது செலவுக்குக் கட்டுமா என்பது சோயா விலையைப் பொறுத்தது.

நேயர்களில் பால்பண்ணையிலோ இறைச்சி ஆலையிலோ நீண்டகாலம் வேலை செய்து இளைப்பாறியவர்கள் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறோம். நிலையத்துக்கு வாருங்கள், தேநீர் எங்கள் செலவு.